நீலகிரி 2024: இரண்டாம் இடத்துக்கு நடந்த தேர்தல்

2024 ஜூன் 4 அன்று நீலகிரி மக்களவைத் தொகுதியின் கணக்கு இப்படி முடிந்தது. தி.மு.க.வின் ஆ.ராசா 4,73,212. பா.ஜ.க.வின் எல்.முருகன் 2,32,627. அ.தி.மு.க.வின் லோகேஷ் தமிழ்ச்செல்வன் 2,20,230. வித்தியாசம் 2,40,585. கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் வித்தியாசம் என்றதும் பலரும் அத்தோடு பக்கத்தைத் திருப்பிவிட்டார்கள். ஒருதலைப்பட்சமான தேர்தல், அதில் பேச என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. 2019இல் அதே ராசா அதே தொகுதியில் 5,47,832 வாக்குகள் வாங்கி 2,05,823 வித்தியாசத்தில் ஜெயித்தார். ஐந்து வருடத்தில் அவருக்கு விழுந்த வாக்கு 74,620 குறைந்திருக்கிறது. வித்தியாசமோ 34,762 கூடியிருக்கிறது. வாக்கு இறங்க, வித்தியாசம் ஏறுகிறது என்றால் ஜெயித்தவரைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தோற்றவர்களைப் பார்க்க வேண்டும். முருகனுக்கும் லோகேஷுக்கும் இடையே இருந்தது 12,397 வாக்குகள். என் பார்வையில் நீலகிரியில் 2024இல் உண்மையான போட்டி நடந்தது இந்த இரண்டாம் இடத்துக்குத்தான். முதலிடம் யாருக்கு என்பது 2023 செப்டம்பர் 25 அன்று, அ.தி.மு.க. பா.ஜ.க. கூட்டணியை விட்டு வெளியேறிய நாளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிட்டது.

பெயரில் மலை, வாக்கில் சமவெளி

வெளியூர்க்காரர்கள் இதை "ஊட்டி தொகுதி" என்பார்கள். தேயிலைச் சரிவு, தாவரவியல் பூங்கா, மலை ரயில் என்று ஒரு படம் மனதில் வரும். ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் உதகமண்டலம், குன்னூர், கூடலூர் மூன்றும்தான் நீலகிரி மாவட்டம். மேட்டுப்பாளையம் கோவை மாவட்டத்தில் இருக்கிறது, அவிநாசி திருப்பூரில், பவானிசாகர் ஈரோட்டில். ஒரு எம்.பி.க்கு நான்கு கலெக்டர்கள்.

வாக்காளர் எண்ணிக்கையைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மொத்தம் 14 லட்சத்துக்குச் சற்று மேல். இதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு மலையடிவாரத்திலும் அதற்குக் கீழும் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தையும் அவிநாசியையும் சேர்த்தாலே மலையின் மூன்று தொகுதிகளுக்குச் சமமாக வந்துவிடும். இந்தச் சாய்வு வருடத்துக்கு வருடம் கூடவே செய்யும் என்று நினைக்கிறேன். 2001 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்ட மக்கள்தொகை 7,62,141. 2011இல் 7,35,394. தமிழ்நாட்டில் மக்கள்தொகை முன்பைவிடச் சரிந்த மாவட்டம் என்பது அபூர்வம். படித்த பிள்ளைகள் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிடுகிறார்கள், தோட்டத்தில் வயதானவர்கள் மிஞ்சுகிறார்கள்.

சமவெளி என்று ஒரே சொல்லில் அடக்கினாலும் அதுவும் ஒரே மாதிரி இல்லை. மேட்டுப்பாளையத்தில் மலைக் காய்கறி மண்டிகள். ஊட்டியில் தோண்டிய உருளைக்கிழங்கு இங்கே வந்து ஏலம் போய்த்தான் மற்ற ஊர்களுக்கு லாரி ஏறுகிறது. காரமடைப் பக்கம் வாழையும் கறிவேப்பிலையும். அவிநாசி, திருப்பூர் பனியன் தொழிலோடும் விசைத்தறியோடும் ஒட்டிய ஊர். அங்கே தேர்தல் பேச்சு என்றால் அறுபது வருடமாகக் கேட்ட அத்திக்கடவு-அவிநாசித் திட்டம்தான். 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் அந்தத் திட்டத்துக்கு 2019இல் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார், 2024 ஆகஸ்டில் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். தேர்தல் நடந்தது இந்த இரண்டுக்கும் இடையில். ஆகவே இரண்டு தரப்புமே அதைத் தன் திட்டம் என்று சொல்லிக்கொண்டது.

பவானிசாகரோ இன்னும் விசித்திரம். அணை, பாசனம், சத்தியமங்கலம் பூச்சந்தை ஒரு பக்கம். 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி திம்பத்தைத் தாண்டினால் தாளவாடி மறு பக்கம். அங்கே வீட்டுப் பேச்சு கன்னடம். "சமவெளித் தொகுதி"க்குள்ளேயே ஒரு மலை உட்கார்ந்திருக்கிறது.

இந்த எல்லைக்கோடுகள் எவ்வளவு குழப்பமானவை என்று பார்க்க தெங்குமரஹடா போனால் போதும். மாவட்டம் நீலகிரி, தாலுகா கோத்தகிரி. போக வேண்டிய வழியோ பவானிசாகர் காட்டுக்குள். பஸ் மாயாற்றின் இக்கரையில் நின்றுவிடும். பரிசலில் தாண்டினால்தான் ஊர். ஆற்றில் வெள்ளம் வந்தால் அந்த வழியும் இல்லை. புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் இழப்பீட்டில் ஊரையே இடம் மாற்றும் பேச்சு வருடக்கணக்கில் நடக்கிறது. ஓட்டுக் கேட்டு வருபவர் அங்கே பாலம் கட்டித் தருகிறேன் என்று சொல்வதா, இழப்பீட்டைச் சீக்கிரம் வாங்கித் தருகிறேன் என்று சொல்வதா? இரண்டையும் சொல்லிவிட்டுத்தான் திரும்புவார்கள்.

உள்ளூர்க்காரர் நிற்க முடியாத தொகுதி

பழைய நீலகிரிக்கு டெல்லிக் கட்சிகள் மீது ஒரு சாய்வு இருந்தது. 1962இல் காங்கிரஸின் அக்கம்மா தேவி, 1967இல் சுதந்திரா கட்சியின் நஞ்சா கவுடர், அப்புறம் காங்கிரஸின் ஆர்.பிரபு மட்டும் 1980, 1984, 1989, 1991, 2004 என்று ஐந்து முறை. பா.ஜ.க.வின் மாஸ்டர் மாதன் 1998இல் அ.தி.மு.க. கூட்டணியிலும், அடுத்த வருடமே தி.மு.க. கூட்டணியிலும் நின்று இரண்டு முறையும் ஜெயித்தார். தமிழ்நாட்டில் பா.ஜ.க. எம்.பி.க்களைக் கொடுத்த விரல்விட்டு எண்ணக்கூடிய தொகுதிகளில் இது ஒன்று. முருகனை இங்கே நிறுத்தியபோது அந்தக் கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது மாதன் பெயரைத்தான்.

ஆனால் மாதன் காலத்துத் தொகுதி இப்போது இல்லை. மறுவரையறைக்குப் பின் 2009 முதல் நீலகிரி தாழ்த்தப்பட்டோருக்கான தனித்தொகுதி. அக்கம்மா தேவி, மாதன் போன்ற படுகர் தலைவர்கள் இனி மக்களவைக்கு இங்கிருந்து நிற்க வழியில்லை. மலையில் ஹட்டிகள் எனப்படும் சிற்றூர்கள்தோறும் பரவியிருக்கும், சிறு தேயிலை விவசாயிகளில் பெரும்பாலோராக இருக்கும் சமூகம் அது. தங்களைப் பழங்குடிப் பட்டியலில் மறுபடி சேர்க்க வேண்டும் என்ற அவர்களுடைய கோரிக்கை ஒவ்வொரு தேர்தலிலும் எல்லாக் கட்சி மேடையிலும் ஏறும், தேர்தல் முடிந்ததும் இறங்கும். தனித்தொகுதி ஆனதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, தாழ்த்தப்பட்டோர் கணிசமாக வாழும் தொகுதிதான் இது. சொல்ல வந்தது அதன் விளைவைப் பற்றி மட்டும். கட்சிகள் வேட்பாளரை உள்ளூரில் தேடுவதை விட்டு வெளியிலிருந்து அனுப்ப ஆரம்பித்தன.

2024இன் மூன்று பேரையும் பாருங்கள். ராசா பெரம்பலூர்க்காரர். முருகன் நாமக்கல் மாவட்டத்துக்காரர், 2021இல் தாராபுரத்தில் 1,393 வாக்கில் சட்டமன்ற வாய்ப்பை இழந்தவர். லோகேஷ், அப்போது அவிநாசி எம்.எல்.ஏ.வாக இருந்த முன்னாள் சபாநாயகர் ப.தனபாலின் மகன். மூவருமே மலைக்கு வெளியே இருந்து வந்தவர்கள். இதில் ராசாவுக்கு ஒரு வசதி உண்டு. 2009 முதல் நான்கு தேர்தல் இங்கேயே நின்றுவிட்டார். தோற்ற பிறகும் திரும்பி வந்தவர் என்பதால் கிளைச் செயலாளர் வரை பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் வந்துவிட்டது. வெளியூர்க்காரர் என்று அவரைச் சொல்ல மற்ற இருவராலும் முடியவில்லை. சொன்னால் அது அவர்களுக்கே திரும்பும்.

நோட்டா மூன்றாம் இடம் வந்த வருடம்

2024ஐப் புரிந்துகொள்ள 2014ஐ ஒரு தடவை பார்த்தாக வேண்டும். ராசாவுக்கு அது 2ஜி அலைக்கற்றை ஊழல் வழக்கின் உச்ச காலம். ஜெயலலிதா 39இல் 37 தொகுதிகளை அள்ளிய தேர்தல். அ.தி.மு.க.வின் சி.கோபாலகிருஷ்ணன் 4,63,700 வாக்குகள் வாங்கி, 3,58,760 வாங்கிய ராசாவை 1,04,940 வித்தியாசத்தில் தோற்கடித்தார். வேடிக்கை மூன்றாம் இடத்தில்தான். அங்கே எந்தக் கட்சியும் இல்லை. நோட்டா 46,559. அந்த வருடம் இந்தியாவிலேயே அதிக நோட்டா வாக்கு பதிவான தொகுதி இதுதான்.

காரணம் பாதி நிர்வாகக் கோளாறு. பா.ஜ.க. வேட்பாளர் மனுத் தாக்கல் செய்தார், ஆனால் கட்சி கொடுக்க வேண்டிய ஏ, பி படிவங்கள் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. மனு தள்ளுபடி. நாடு முழுக்க மோடி அலை அடித்த தேர்தலில், ஏற்கெனவே இரண்டு முறை ஜெயித்த ஒரு தொகுதியில், தாமரைச் சின்னமே இல்லாமல் போயிற்று. அந்த வாக்காளர்களில் ஒரு பகுதி நோட்டாவை அழுத்தியிருக்க வேண்டும். எல்லாரும் அப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. கூடலூரில் நிலப் பிரச்சினையில் வெறுத்தவர்கள், பச்சைத் தேயிலை விலையில் வெறுத்தவர்கள் என்று பட்டனை அழுத்த வேறு ஆட்களும் இருந்தார்கள்.

இதிலிருந்து எனக்குத் தெரிவது ஒன்று. சின்னம் இல்லாவிட்டாலும் பக்கத்து வரிசைக்குப் போகாத ஒரு கூட்டம் இந்தத் தொகுதியில் உண்டு. அ.தி.மு.க., பா.ஜ.க. வாக்குகளைக் கூட்டிப் பார்ப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

சுற்றுலாப் பயணியும் பறக்கும் படையும்

வேட்பாளர் பட்டியல் வந்தது மார்ச் 20, 21. வாக்குப்பதிவு ஏப்ரல் 19. பிரசாரத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. செலவு வரம்பு 95 லட்சம் ரூபாய். நான்கு மாவட்டம், மூன்று மலைப்பாதை, காலையில் அவிநாசியில் வெயிலில் நின்றவர் மாலையில் பந்தலூரில் ஸ்வெட்டர் போட வேண்டும்.

மார்ச் 22 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், 2ஜி வழக்கில் ராசா உள்ளிட்டோர் 2017இல் விடுவிக்கப்பட்டதை எதிர்த்த சி.பி.ஐ. மேல்முறையீட்டை விசாரணைக்கு ஏற்றது. எதிர்த்தரப்புக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனால் அந்த அம்பு 2014இலேயே எய்யப்பட்டுவிட்டது. மக்கள் அதற்கு ஒரு தடவை தீர்ப்புச் சொல்லி, 2019இல் அதை மாற்றியும் எழுதியாயிற்று. மூன்றாம் முறை அது பெரிதாக எடுபடவில்லை என்பதே என் கணிப்பு.

மார்ச் 25 அன்று ஊட்டியில் பா.ஜ.க.வும் அ.தி.மு.க.வும் ஒரே நாளில் மனுத் தாக்கலுக்குக் கிளம்பின. ஊர்வலங்கள் மோதிக்கொள்ள, போலீஸ் தடியடி நடத்தியது. பா.ஜ.க.வின் அப்போதைய மாநிலத் தலைவர் அண்ணாமலையும் அன்று அங்கே இருந்தார், சாலை மறியல் வரை போயிற்று. கவனியுங்கள், தடியடி வரை போன இந்தத் தகராறு ஆளும் கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் இடையே நடந்தது இல்லை. ஆறு மாதம் முன்பு வரை ஒரே மேடையில் இருந்த இரண்டு கட்சிகளுக்கு இடையே நடந்தது.

அதற்குக் காரணமும் இருந்தது. 2021 சட்டமன்றத் தேர்தலில் இந்த ஆறில் கூடலூர், மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் என நான்கை அ.தி.மு.க. பிடித்தது. தி.மு.க.வுக்குக் குன்னூர், காங்கிரஸுக்கு உதகமண்டலம். நான்கு எம்.எல்.ஏ.க்கள் உள்ள தொகுதியில் மூன்றாம் இடத்துக்குப் போனால் கொங்கு மண்டலம் எங்கள் கோட்டை என்ற பேச்சு அடிபடும். பா.ஜ.க.வுக்கோ அதைத்தான் காட்ட வேண்டியிருந்தது. முருகனுக்கு எம்.பி. பதவிக்கு அவசரம் எதுவும் இல்லை, பிப்ரவரியில்தான் மத்தியப் பிரதேசத்திலிருந்து மாநிலங்களவைக்கு மறுபடி தேர்வாகியிருந்தார். இருந்தும் மத்திய அமைச்சர் ஒருவரைக் களத்தில் இறக்கினார்கள். ஏப்ரல் 10 அன்று பிரதமரே மேட்டுப்பாளையம் வந்தார். கூட்டம் ஊட்டியில் நடக்கவில்லை, மலையடிவாரத்தில் நடந்தது. பக்கத்துக் கோவைத் தொகுதிக்கும் பொள்ளாச்சிக்கும் சேர்த்து என்பது ஒரு காரணம். வாக்கு எங்கே இருக்கிறது என்பது இன்னொன்று. முருகன், லோகேஷ் இருவருமே அருந்ததியர் சமூகத்தவர் என்பதால் கீழே அவிநாசி, மேட்டுப்பாளையம் பக்கத்துக் காலனிகளில் இரண்டு கட்சிகளும் ஒரே கதவைத்தான் தட்டின.

ரிசார்ட் ஊரில் தேர்தல் என்றால் வேறு சில காட்சிகளும் உண்டு. கோடைச் சீசன் தொடங்கும் நேரம். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் எடுத்துப்போனால் ஆவணம் காட்ட வேண்டும் என்ற விதி பஞ்சாபிலிருந்து காரில் வந்த குடும்பத்துக்கு எப்படித் தெரியும்? அப்படி வந்த ஒரு குடும்பத்திடம் பறக்கும் படை 70,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவான பணத்தைப் பிடித்தது. ஊர் சுற்றக் கொண்டுவந்த பணம் அது. அந்தப் பெண் அழுத வீடியோ எங்கும் பரவியது, அப்புறம் பணம் திருப்பித் தரப்பட்டது. காய்கறி விற்ற காசோடு வரும் மண்டி வியாபாரிக்கும் இதே கதிதான், அவருக்காக யாரும் வீடியோ எடுப்பதில்லை. ஏப்ரல் 15 அன்று வயநாடு போகும் வழியில் தாளூரில் இறங்கிய ராகுல் காந்தியின் ஹெலிகாப்டரையும் இதே பறக்கும் படை சோதனை போட்டது.

வாக்குப்பதிவு சுமார் 71 சதவீதம், 2019ஐ விடச் சற்றுக் குறைவு. ஆறு தொகுதி இயந்திரங்களும் மலையேறி ஊட்டி அரசு பாலிடெக்னிக் கல்லூரிக்கு வந்தன. சமவெளி வாக்கும் மலையில்தான் எண்ணப்படும். ஏப்ரல் 27 அன்று அங்கே சி.சி.டி.வி. திரைகள் சுமார் 20 நிமிடம் இருண்டுபோயின. சாதனம் சூடானதால் வந்த கோளாறு என்றது மாவட்ட நிர்வாகம். ஊட்டியில் சூடா என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. அந்த வாரக் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி பதிவானதைப் பார்த்த பிறகு எனக்கு அந்த விளக்கம் அவ்வளவு வேடிக்கையாகத் தெரியவில்லை.

கூட்டல் கணக்கும் அதன் ஓட்டையும்

இப்போது எல்லாரும் போடும் கணக்கைப் போட்டுவிடலாம். 2,32,627உடன் 2,20,230ஐக் கூட்டினால் 4,52,857. ராசாவின் 4,73,212இல் இதைக் கழித்தால் மிச்சம் 20,355. இரண்டரை லட்சம் வித்தியாசம் ஒரே நொடியில் இருபதாயிரம் ஆகிவிடுகிறது. நாம் தமிழர் கட்சி தனியாக வாங்கிய 58 ஆயிரத்துச் சொச்சம் இதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல்.

கூட்டல் சரி, ஆனால் தேர்தலில் அது அப்படியே நடக்காது. 2019இல் இந்த இரண்டு கட்சிகளும் ஒன்றாகத்தான் நின்றன. அப்போது அ.தி.மு.க.வின் எம்.தியாகராஜன் வாங்கியது 3,42,009. அ.தி.மு.க.விலிருந்து பிரிந்து தனியாக நின்ற டி.டி.வி.தினகரனின் அ.ம.மு.க.வின் சுமார் 40 ஆயிரத்தைச் சேர்த்தாலும் 3.8 லட்சத்தைத்தான் தொடுகிறது. பிரிந்து நின்றபோது 4.5 லட்சம். ஆக, பிரிந்ததால் இருவருக்குமே புதிதாகக் கொஞ்சம் வாக்கு வந்திருக்கிறது. பா.ஜ.க. பக்கத்தில் இல்லை என்பதற்காகவே இரட்டை இலைக்குப் போட்ட சிறுபான்மையினர் மேட்டுப்பாளையத்திலும் கூடலூரிலும் இருக்கக்கூடும். திராவிடக் கட்சி இரண்டும் வேண்டாம் என்று தாமரைக்குப் போட்ட இளைஞர்களும் இருக்கக்கூடும். இவர்களை ஒரே வரிசையில் நிற்க வைத்தால் இரண்டு பக்கமும் சிலர் கழன்றுகொள்வார்கள். 2014இன் நோட்டா அதைத்தான் காட்டியது. அதனால் 20,355 என்பதை எதிர்த்தரப்பு நெருங்கி வந்திருக்கக்கூடிய உச்ச அளவு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், உண்மையான வித்தியாசம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

தி.மு.க. பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசவில்லை. 2019இல் மக்கள் நீதி மய்யம் இங்கே 41 ஆயிரம் வாக்கு வாங்கியது. 2024இல் அது போட்டியிடாமல் தி.மு.க. கூட்டணிக்கு ஆதரவு. அந்த வாக்கு முழுசாக வந்திருந்தால் ராசாவின் எண்ணிக்கை ஏறியிருக்க வேண்டும். 54 சதவீதத்தில் இருந்தவர் 46 சதவீதத்துக்கு இறங்கினார். பாதிக்கு மேற்பட்டவர்கள் ராசாவுக்கு எதிராகப் போட்டிருக்கிறார்கள், ஆனால் நாலு திசையில். எதிரிகள் இருவருமே டெபாசிட்டைக் காப்பாற்றிக்கொண்டார்கள். மூன்று பேர் மோதும் தொகுதியில் ஜெயிப்பவருக்கு இதைவிட வசதியான பங்கீடு அமையாது.

மேடையில் பேசியதும் பேசாததும்

மலையில் வருமானம் இரண்டு வழி. ஒன்று இலை, இன்னொன்று சீசன்.

இலை என்றால் பச்சைத் தேயிலை. ஏக்கர் கணக்கில்கூட இல்லாத துண்டு நிலங்களில் பறித்து, சாக்கில் கட்டி, ஃபாக்டரி வண்டி வரும் இடத்தில் எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். விலை அந்த நேரத்தில் தெரியாது. குன்னூர் ஏல மையத்தில் தேயிலைத் தூள் என்ன விலைக்குப் போகிறது என்பதை வைத்துத் தேயிலை வாரியம் மாதந்தோறும் பச்சை இலைக்குச் சராசரி விலை சொல்லும். நாலு கிலோவுக்கு மேல் இலை போனால்தான் ஒரு கிலோ தூள். ஆக விவசாயி விற்ற பிறகுதான் தன் சரக்கின் விலையைத் தெரிந்துகொள்கிறார். சோவியத் யூனியன் இருந்தவரை நீலகிரித் தேயிலைக்கு அங்கே நிலையான சந்தை இருந்தது. அது போனபின் 1990களின் கடைசியில் விழுந்த விலை இன்றுவரை முழுசாக எழுந்திருக்கவில்லை.

2023 செப்டம்பரில் சிறு விவசாயிகள் குறைந்தபட்ச ஆதரவு விலை கேட்டு நாள் கணக்கில் உண்ணாவிரதம் இருந்தார்கள். மாநில அரசு இண்ட்கோசர்வ் கூட்டுறவு ஆலைகளுக்கு இலை கொடுக்கும் உறுப்பினர்களுக்குக் கிலோவுக்கு 2 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. தனியார் ஆலைக்குக் கொடுப்பவருக்கு அதுவும் இல்லை. தேர்தலில் இது எப்படி ஒலித்தது தெரியுமா? தேயிலை வாரியம் மத்திய அரசின் கீழ் இருக்கிறது, ஆகவே குற்றவாளி மத்திய அமைச்சர் என்றது தி.மு.க. பதினைந்து வருடத்தில் பெரும்பகுதி எம்.பி.யாக இருந்தவர் யார் என்று கேட்டது பா.ஜ.க. பத்து வருடம் மாநிலத்தை ஆண்ட அ.தி.மு.க.வால் இரண்டு பேரையும் உரக்கத் திட்ட முடியவில்லை. மூவரும் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்பதுதான் விவசாயிக்குச் சிக்கல்.

கூடலூர் வேறு உலகம். ஜென்மி எனப்பட்ட பரம்பரை நிலவுடைமையை ஒழிக்க 1969இல் வந்த சட்டத்தின் பிரிவு 17இல் சிக்கிய நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்குப் பட்டா கிடையாது, பட்டா இல்லாததால் மின் இணைப்புக்கே போராட்டம். பக்கத்திலேயே 1964 ஸ்ரீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காகத் தொடங்கிய, மாநில அரசின் தேயிலைக் கழகமான டான்டீயின் தோட்டங்கள். நஷ்டம் காட்டி நிலத்தை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்ததும் தொழிலாளர் குடியிருப்பு என்ன ஆகும் என்ற பயம். இதற்கு மேல் யானை. அங்கே ஓட்டுக் கேட்கப் போனவர்கள் தமிழ், மலையாளம் இரண்டிலும் ஒரே வாக்குறுதியைக் கொடுத்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுவார்கள்.

சீசன் பக்கம் வருவோம். லாட்ஜ், காட்டேஜ், டாக்சி, ஹோம் மேட் சாக்லேட் கடை, குதிரைக்காரர், பூங்கா வாசலில் கேரட் விற்பவர் என்று ஒரு நகரமே கோடை மூன்று மாதத்தை நம்பி இருக்கிறது. இவர்களுடைய தலையெழுத்தை மாற்றிய உத்தரவுகளையும் தீர்ப்புகளையும் வரிசையாகப் பாருங்கள். பந்திப்பூர் வழியாக இரவுப் போக்குவரத்துத் தடை, 2009 முதல். மசினகுடிப் பக்கம் சீகூர் யானை வழித்தடத்தில் 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவால் ரிசார்ட்டுகளுக்கு சீல், 2020இல் வழித்தடத்தை உறுதிசெய்த தீர்ப்பு. எதுவும் நாடாளுமன்றத்தில் நடந்தது இல்லை, எதிலும் எம்.பி.க்கு நேரடி வேலை இல்லை. யானைக்கு வழி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் அந்த வழியில் டீக்கடை வைத்திருப்பவர் அடுத்து என்ன செய்வார் என்று எந்த வேட்பாளரும் மேடையில் பேசியதாகத் தெரியவில்லை. பேசினால் ஒரு பக்கம் வாக்கு போகும்.

இதைவிட வினோதம் தேதிகளில் இருக்கிறது. ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. அதே மாதக் கடைசியில், பத்து நாள் இடைவெளியில், இரண்டு விஷயங்கள் வந்தன. தமிழ்நாடு முழுக்க 42 யானை வழித்தடங்களை அடையாளம் காட்டும் வரைவு அறிக்கையை வனத்துறை வெளியிட்டது. தங்கள் ஊர்கள் அதற்குள் வருகின்றன என்று கூடலூர், பந்தலூர் மக்கள் கொதித்தார்கள், ஆட்சேபம் தெரிவிக்கக் கொடுத்த அவகாசமோ சில நாட்கள். ஏப்ரல் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மே 7 முதல் ஜூன் 30 வரை இ-பாஸ் கட்டாயம் என்று உத்தரவிட்டது. வியாபாரிகளுக்கும் விவசாயிகளுக்கும் அந்த ஐந்து வருடத்தின் பெரிய இரண்டு செய்திகள், இயந்திரத்துக்கு சீல் வைத்த பிறகு கைக்கு வந்தன. பிரசாரத்துக்கு நடுவில் வந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். மேடைப் பேச்சாவது மாறியிருக்கும்.

ஜூன் 9 அன்று முருகன் மறுபடி மத்திய இணையமைச்சராகப் பதவியேற்றார். தோற்றவர் அமைச்சர், ஜெயித்தவர் எதிர்க்கட்சி வரிசை. தேயிலை வாரியத்திடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் யாரிடம் போவது என்று கோத்தகிரிப் பக்கம் கேட்டால் இரண்டு பேரிடமும்தான் என்பார்கள்.

2025இல் நீதிமன்றம் இ-பாஸுக்கு எண்ணிக்கையும் வைத்தது. ஏப்ரல் 1 முதல் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. மறுநாள் ஏப்ரல் 2 அன்று நீலகிரியில் வியாபாரிகள் கடையடைத்தார்கள். அதற்கு ஒன்பது நாள் கழித்து, ஏப்ரல் 11 அன்று சென்னையில் அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் மறுபடி கூட்டணி அறிவித்தன. அன்று மாலையே 2,32,627ஐயும் 2,20,230ஐயும் கூட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.